கருவிக்குப் பாடம் நடத்திய தவளை

தவளைக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய மாமாதான். முதன்முதலில் நீச்சல் குளத்தில் இறங்கிய அன்று அவள் காலை உதைத்த விதத்தைப் பார்த்து, "தவளை தோத்துடும்" என்றார். அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் தவளைதான். இப்போது அவளுக்குப் பத்து வயது. பெயர் மாறவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். நகரக் குளத்தில் நீச்சல் மாஸ்டர். அந்தத் தெருவில் நீந்தத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. பக்கவாதம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சில மாதப் பயிற்சியில் கையும் காலும் சரியாகின. மறுபடி நீந்தவும் தொடங்கிவிட்டார். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் நாக்கும் உதடும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நுனி மழுங்கி வெளியே வந்தன. கடைக்காரர் மூன்று முறை கேட்டும் புரியாமல் விழிப்பார். தவளைக்குத்தான் அவர் பேச்சு அதிகம் புரியும். வெளியே போனால் அவளைத்தான் கூட அழைத்துப் போவார்.

குளத்தின் மேலாளர் நல்ல மனிதர். மாமா சொல்வது தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், புரிந்தால் அந்த வேலை அவருக்குத்தான் என்றார். அதுவரை வேறொரு மாஸ்டர் வகுப்பைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆராய்ச்சி அக்கா வந்தாள். மருத்துவமனையில் அவளுடைய குழு, இப்படிப் பேச்சு மழுங்கியவர்களின் சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு கருவியைப் பழக்கிக்கொண்டிருந்தது. அது போனுக்குள் இருக்கும். மாமா பேசினால் கேட்டு, அதையே தெளிவான குரலில் திரும்பச் சொல்லும். பிள்ளைகள் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் மொழியைக் கற்கிறார்கள், கருவியும் அப்படித்தான் என்று அக்கா விளக்கினாள். அதனால் மாமா வாராவாரம் மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, திரையில் வரும் வாக்கியங்களை மைக்கில் படித்தார். ஒருமுறை தவளையும் உடன் போய் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

சில வாரங்கள் கழித்துக் கருவி வீட்டுக்கு வந்தது. எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். மாமா போனைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடு" என்றார்.

போன் இனிமையான குரலில், "மீசையை நடு" என்றது.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். தவளையும் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அடுத்து "காலை நீட்டு" என்றார். "மாலை வீட்டு" என்றது போன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா இன்னொரு முறை முயன்றார், பிறகு இன்னொரு முறை. கருவி ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்றைச் சொன்னது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாமா போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

சனிக்கிழமை மாலை டிவியில் கால்பந்தாட்டம் ஓடியது. மாமாவின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. அவர் சோபாவின் நுனிக்கு வந்து ஆட்டக்காரர்களை வறுத்தெடுத்தார். அடுப்படியில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த தவளைக்கு ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. கண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பந்தை ஒரு தவளைகூட உதைத்திருக்கும் என்றார்.

தவளை தட்டை அப்படியே பிடித்தபடி நின்றாள். இது மருத்துவமனையில் அவள் கேட்ட பேச்சே இல்லை. அங்கே மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். இங்கே சொற்கள் சறுக்குமரத்தில் இறங்குவது போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

கருவிக்கு அந்த மாமாவை மட்டும்தான் தெரியும். இந்த மாமாவைத் தெரியாது.

அவள் முதலில் அண்ணனிடம்தான் சொன்னாள். அதற்கென்ன, சோபாவுக்கு அடியில் போனை ஒளித்து வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாம் என்றான் அவன். தவளை யோசித்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வேணாம்ணா. அது மாமாவோட குரல். அவரைக் கேக்காம எடுத்தா திருட்டுதான்."

அவள் மாடியேறிப் போனாள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல. கருவி மேலயும் இல்ல. அதுக்கு ஒரு பாடத்த நடத்திட்டு வேற பாடத்துல பரீட்சை வெச்சுட்டோம்."

அவர் புருவத்தை உயர்த்தினார். தவளை தான் கவனித்ததையெல்லாம் சொன்னாள். பிறகு அவர் சொன்னது வேறு யாருக்காவது புரிந்திருக்குமோ என்னவோ, தவளைக்குப் புரிந்தது.

"அந்த ரூம்ல உக்காந்தா, பழைய மாதிரி பேசிடணும்னு முட்டிப் பாக்குறேன். அது என் பேச்சே இல்ல."

"அப்ப உங்க பேச்சையே அதுக்குக் குடுக்கலாமா?"

மாமா ஒரு நிபந்தனை போட்டார். பதிவை அவர்தான் தொடங்குவார், அவர்தான் நிறுத்துவார். அழி என்றால் அழித்துவிட வேண்டும். தவளை சரி என்றாள்.

ஆராய்ச்சி அக்காவிடம் போனில் சொன்னபோது அவள், தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும், அதே அறையில் படித்த மற்றவர்களின் பதிவுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திரையைப் பார்த்துப் படித்தால் என்ன சொன்னார் என்பது முன்பே தெரியும். வீட்டுப் பேச்சு அப்படியில்லை. யாராவது கேட்டு, ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்து தர வேண்டும். அப்போதுதான் எந்த ஒலி எந்தச் சொல் என்று கருவிக்குத் தெரியும்.

அம்மாவும் அண்ணனும் தவளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளே வேலை தொடங்கியது. மாமாவின் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக் ஏறியது. அவர் டிவியோடு சண்டை போட்டார், குளத்துக் கதைகளைச் சொன்னார், அண்ணன் அறையைப் பெருக்கிய லட்சணத்தைப் பற்றிப் பேசினார். வீட்டுப்பாடம் முடிந்ததும் தவளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிவரியாகத் தட்டுவாள்.

"எல்லா வரியிலயும் என்னைத்தான் திட்டியிருக்கார். இந்தக் கருவிக்கு என்னைத் திட்ட மட்டும்தான் வரப்போகுது" என்று அண்ணன் அலுத்துக்கொண்டான்.

வேலை நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் தவளைக்குப் பிடிபடவில்லை. 'கதவைச் சாத்து' என்று தட்டினாள். உடனே அழித்தாள். தப்பாகத் தட்டினால் கருவியும் தப்பாகவே கற்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஊகிக்கக் கூடாது.

வீட்டில் எல்லோரும் அவளுக்கு எல்லாம் புரியும் என்று நினைத்தார்கள். ஆனால் புரியாத நேரங்களில் அவள் "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போனதுண்டு. கருவியிடம் தலையாட்டித் தப்பிக்க முடியவில்லை.

ஹெட்போனை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள். "மாமா, இது எனக்குப் புரியல. திரும்பச் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முன்னாடியும் சில தடவ புரியாமலே தலையாட்டியிருக்கேன்" என்றாள்.

"தெரியும். ஒரு நாள் மழை வருமான்னு கேட்டேன். நீ ஓடிப்போய் சீப்பு எடுத்துட்டு வந்த."

தவளைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. மாமா அவள் தலையில் செல்லமாகக் குட்டினார். பிறகு அந்த வரியைத் திரும்பச் சொன்னார். அது கதவும் இல்லை, சாத்துவதும் இல்லை. 'கரையை விட்டுடாத' என்பதுதான் அது.

அன்று முதல் அந்த வீட்டில் யாரும் புரியாமல் தலையாட்டவில்லை. "திரும்பச் சொல்லுங்க" என்று அண்ணன்கூடக் கூசாமல் கேட்டான். மாமாவும் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

கருவி ஒரேயடியாகத் தேறிவிடவில்லை. முதல் முறை பாதிக்குப் பாதி தப்பு. தவளை இன்னும் தட்டினாள். அடுத்த முறை தப்பு குறைந்தது. குளத்தின் இரைச்சலில் மாமாவின் குரலைப் பிரித்தறிய வேண்டும் என்று, அக்கா தண்ணீர்ச் சத்தத்தையும் பிள்ளைகளின் கூச்சலையும் கலந்து அதைப் பழக்கினாள். ஒரு நாள் மாமா மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். அவர் சட்டைப் பையில் இருந்த போன், "என் செருப்ப யார் போட்டுட்டுப் போனது" என்று தெளிவாகக் கேட்டது. அண்ணன் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினான்.

குளத்துக்குப் போகும் நாள் வந்தது. மாமாவின் கழுத்தில், போனோடு இணைந்த, தண்ணீர் புகாத சின்ன ஸ்பீக்கர் தொங்கியது. தண்ணீரில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். இப்போதைய மாஸ்டர் ஒரு பக்கம், மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம்.

"மூச்சை விடு" என்றார் மாமா. "மூச்சை விடு" என்றது ஸ்பீக்கர். தண்ணீர் முழுக்கக் குமிழிகள் கிளம்பின. கூட வந்திருந்த ஆராய்ச்சி அக்கா தவளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காலை நீட்டச் சொன்னார். நீட்டினார்கள். பிறகு கையை முன்னால் கொண்டுவரச் சொன்னார். ஸ்பீக்கர், "பையை முன்னால கொண்டு வா" என்றது. ஒரு பையன் சமர்த்தாகக் கரையேறி, சொட்டச் சொட்ட ஓடிப்போய், தன் பையை எடுத்து வந்து மாமாவின் முன்னால் வைத்தான்.

குளமே சிரித்தது. மாமாதான் அதிகம் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. இன்றைக்குப் பையோடு போயிற்று, நாளை ஆழமான பக்கத்தில் கருவி தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். மாமா ஸ்பீக்கரைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

தவளை குளத்தின் விளிம்புக்குப் போய் நின்றாள். தண்ணீரில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"மாஸ்டர் சொல்றது புரியலன்னாலும், வேடிக்கையா இருந்தாலும், யாரும் எதுவும் செய்யக் கூடாது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, திரும்பச் சொல்லுங்கன்னு கேக்கணும். அவர் கோவிச்சுக்க மாட்டார். மாஸ்டர் கையைத் தூக்கினா, பேச்சே வேணாம், எல்லாரும் சுவருக்கு வந்துடணும்."

மாமா உடனே கையைத் தூக்கினார். பிள்ளைகள் அத்தனை பேரும் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு சுவருக்கு வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

மேலாளர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். முதல் மாதம் மற்ற மாஸ்டரும் கூடவே நிற்க வேண்டும், ஆழமில்லாத பக்கத்தில் மட்டும்தான் வகுப்பு, திங்கட்கிழமை முதல் வரலாம் என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி வந்திருந்தாள். எல்லோரும் மிதக்கப் பழகிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இரண்டு கையாலும் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி, தன் உள்ளங்கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்து ஏதோ சொன்னார். பக்கத்தில் யாரோ குதித்த சத்தத்தில் ஸ்பீக்கர் சொன்னது அவள் காதில் விழவில்லை.

"திரும்பச் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் சிறுமி.

மாமா முட்டிப் பார்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. டிவியில் பந்தாட்டம் பார்க்கும்போது பேசுவதைப் போலவே இயல்பாகச் சொன்னார். "நான் பிடிச்சிருக்கேன். மெதுவா விடு."

ஸ்பீக்கரும் அதையே சொன்னது. சிறுமி ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும் எடுத்தாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டது.