திருகாணி பொருத்திய டேப் டிரைவ்

ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவின் கால்நடை மருத்துவமனைக்கு விடுமுறை. ஆனால் இதை அந்தக் கம்ப்யூட்டரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சரியாக அன்று காலை பார்த்து அது உடம்புக்கு வந்து படுத்துக்கொண்டது.

"டிக்... டிக்... கர்ர்ர்ர்..."

விடுமுறை நாளிலும் வந்து மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் மாமா ஓடி வந்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்துக் கேட்டார்.

"டாக்டரம்மா, மூச்சு இழுக்குது!" என்றார்.

மேலே வீடு, கீழே மருத்துவமனை. அம்மா இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், பல் தேய்த்த நுரையைக்கூடத் துடைக்காமல், திருகாணி வந்தாள்.

திருகாணிக்குப் பத்து வயது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துவிடுவாள். அதனால் வந்த பெயர் அது. கழற்றியதை ஒழுங்காகத் திரும்ப மாட்டியும் விடுவாள். அதனால்தான் வீட்டில் இன்னும் உதை வாங்காமல் இருக்கிறாள்.

அம்மா கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். திருகாணிக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுது மேடம்," என்றார் மெக்கானிக். "இன்னைக்கோ நாளைக்கோ நின்னுடும். நான் வெளியூர்ல இருக்கேன். நாளைக்குக் காலையில புது டிஸ்க்கோட வந்துடுறேன். அதுக்குள்ள உள்ள இருக்குறதை எல்லாம் காப்பி எடுத்துடுங்க. காப்பியை டேப்புல பதியுறதுக்குப் போன மாசம் ஒரு டேப் டிரைவ் கொடுத்தேனே, பொருத்தியாச்சா?"

அம்மா அலமாரியின் உச்சியைப் பார்த்தார். அங்கே ஒரு அட்டைப் பெட்டி தூசியோடு உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் பொருத்தலாம் என்று சொல்லியே நான்கு வாரம் ஓடிவிட்டது.

"நீங்க வந்து பொருத்தினா ஆகாதா?"

"நான் வர்றதுக்குள்ள அது நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? பெட்டிக்குள்ளேயே படம் போட்ட புத்தகம் இருக்கு மேடம். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கடைசித் தடவையா இருக்கலாம்."

அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பிராணிகளின் கதை இருந்தது. எந்த நாய்க்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எந்தப் பசுவுக்கு எப்போது அறுவை சிகிச்சை நடந்தது, எந்தப் பூனை டாக்டரையே கடிக்கும் என்று எல்லாமே அதில் இருந்தது. எக்ஸ்ரே படங்கள் வேறு. முன்பெல்லாம் அம்மா நோட்டில்தான் எழுதி வைத்தார். வயிற்று வலி என்று வந்த ஆடு ஒன்று அந்த நோட்டில் முப்பது பக்கத்தைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது.

"உனக்கு எல்லாம் மனசுல இருக்காதாம்மா?" என்று கேட்டாள் திருகாணி.

"ரெண்டாயிரம் இருக்கேடி. மறந்துபோய் ஒத்துக்காத ஊசியைப் போட்டுட்டா, பாவம் அது உயிரே போயிடும்."

அம்மாவின் முகத்தைப் பார்க்கத் திருகாணிக்கு என்னவோ போலிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த அட்டைப் பெட்டியை இறக்கினாள்.

"நான் பொருத்துறேன்மா."

"விளையாட்டு இல்ல இது. எனக்கு மாட்டைத் தெரியும், கம்ப்யூட்டரைத் தெரியாது. நீ எதையாவது பண்ணிட்டா, என்னால சரிபண்ண முடியாது."

"எனக்கு ஸ்க்ரூவைத் தெரியும். மீதியைப் புத்தகம் சொல்லும். முழுசாப் படிச்சிட்டுத்தான் கை வைப்பேன்."

சொன்னபடியே செய்தாள். ஒரு முறை படித்தாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இன்னொரு முறையும் படித்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மூடியில் ஆறு திருகாணிகள். எல்லாம் பொடிப்பொடியாக இருந்தன. கீழே விழுந்தால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"மாமா, மாட்டுக் காந்தம் ஒண்ணு கொடுங்க."

மாடுகள் புல்லோடு சேர்த்து ஆணியையும் கம்பியையும் விழுங்கிவிடும். அவை வயிற்றைக் குத்தாமல் இருக்க, விரல் நீளத்தில் வழவழப்பான ஒரு காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுப்பார்கள். அது வயிற்றிலேயே தங்கி, வருகிற ஆணியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட காந்தம் ஒன்றை ஊசி வைக்கும் தட்டில் போட்டு மாமா நீட்டினார். கழற்றிய திருகாணிகள் ஒவ்வொன்றாக அதில் போய் டக் டக்கென்று ஒட்டிக்கொண்டன.

"பாப்பாவுக்கு மூளையைப் பாரேன்!" என்று மெச்சிக்கொண்டார் மாமா.

கம்ப்யூட்டரின் முகத்தில் இருந்த பிளாஸ்டிக் பட்டையை எடுத்ததும் செவ்வகமாக ஓர் ஓட்டை தெரிந்தது. டேப் டிரைவை அதற்குள் தள்ளி, நான்கு பக்கமும் முடுக்கினாள். அடுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பட்டையான வயரை டிரைவின் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இரண்டு விரல் அளவுக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் வேகமா இழு, வந்துடும்," என்றார் மாமா.

"பிஞ்சுதான் வரும் மாமா."

திருகாணி பெருமூச்சு விட்டாள். முடுக்கிய நான்கையும் கழற்றினாள். டிரைவை வெளியே எடுத்து, கீழே இருந்த இன்னொரு ஓட்டையில் மாற்றிப் பொருத்தினாள். இப்போது வயர் எட்டியது. சிவப்புக் கோடு, '1' என்று எண் போட்ட முனையின் பக்கம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருந்தது. அம்மா டார்ச் அடிக்க, மூக்கு உள்ளே இடிக்கும்வரை குனிந்து எண்ணைத் தேடிப் பிடித்து, வயரைச் செருகினாள். மின்சார வயருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அது ஒரு பக்கமாகத்தான் நுழையும்.

"ஆன் பண்ணட்டுமா?"

அம்மா தலையாட்ட, சுவரில் வயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். டிக்... டிக்... கர்ர்ர். திரை விழித்துக்கொண்டது. டேப் டிரைவில் குட்டியாகப் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா தன்னை மறந்து கை தட்டினார்.

பெட்டியில் இரண்டு டேப்கள் இருந்தன. இரண்டும் பாட்டு கேசட்டைவிடக் கொஞ்சம் தடிமன். ஒன்றை உள்ளே தள்ளி, 'எல்லாவற்றையும் காப்பி எடு' என்று கட்டளை கொடுத்தாள் திருகாணி. டேப் சர்ரென்று அந்தக் கோடிக்கு ஓடியது, பிறகு இந்தக் கோடிக்கு ஓடி வந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒரு பசுவுக்குக் கன்று பாதியில் சிக்கிக்கொண்டதாம்.

"நான் போயே ஆகணும்," என்று அம்மா பையை எடுத்தார். "முடிஞ்சதும் அணைச்சிடு. மாமா, இவளைப் பார்த்துக்குங்க."

"பாப்பாவையா, கம்ப்யூட்டரையா?"

"ரெண்டையும்தான்!"

ஐம்பது நிமிடம் கழித்துத் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. திருகாணி டேப்பை வெளியே எடுத்துப் பத்திரமாகத் தட்டில் வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். காந்தத்திலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து மூடியை மாட்டினாள். மாமா அவளுக்குப் பிஸ்கட் கொடுத்து, தனக்கும் நான்கு எடுத்துக்கொண்டார்.

மதியம் அம்மா முழங்கை வரை சேற்றோடு திரும்பினார். கன்று பிழைத்துவிட்டது. காப்பி எடுத்தாகிவிட்டது என்று கேட்டதும், சேற்றுக் கையாலேயே மகளைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் திருகாணி சிரிக்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"அம்மா, எடுத்த காப்பியை ஒப்பிட்டுப் பார்க்கணும்னு போட்டிருக்கு. மறுபடி ஆன் பண்ணணும்."

"அடியே, அவர் என்ன சொன்னார்? சும்மா ஆன் பண்ணாதீங்கன்னுதானே? அதான் முடிஞ்சுதுன்னு வந்துடுச்சே!"

"ஊசி போட்டாச்சுன்னு நீ மாட்டை அப்படியே விட்டுடுவியா? மறுநாள் போய்க் காய்ச்சல் விட்டுச்சான்னு பார்க்கிறதில்ல? டிஸ்க் போன பிறகு டேப்புல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா, அப்புறம் என்ன பண்றது?"

அம்மா மகளின் விரல் இருந்த வரியைப் படித்தார். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

டேப் ஓடியது. திரையில் ஒரு வரி வந்தது. 'படிக்க முடியவில்லை: 3'. கொஞ்ச நேரத்தில் மூன்று நாற்பதானது. நாற்பது நூற்றுப் பன்னிரண்டானது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்!" என்று மாமா குதித்தார். "ஓட்டை டேப்பைத் தலையில கட்டிட்டான்!"

அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று திருகாணிக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் கண்ணை மூடி யோசித்தாள். டேப் வெளியே வந்தபோது நன்றாகத்தானே இருந்தது? பிறகு எங்கே போனது? டிரைவிலிருந்து கைக்கு வந்தது. கையிலிருந்து தட்டுக்குப் போனது. தட்டில் என்ன இருந்தது?

மாட்டுக் காந்தம். பாட்டு கேசட்டை ஸ்பீக்கர் மேல் வைக்காதே, உள்ளே காந்தம் இருக்கிறது, பாட்டு அழிந்துவிடும் என்று அம்மா எத்தனை முறை கத்தியிருக்கிறார்! இந்த டேப்பும் அதே ஜாதிதானே?

"அம்மா," என்றாள். "டேப் மேல தப்பு இல்ல. நான்தான் அதை மாட்டுக் காந்தத்தோட ஒரே தட்டுல வச்சேன். நான்தான் அழிச்சிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அம்மா கேட்டார்: "இன்னும் எத்தனை டேப் இருக்கு?"

"ஒண்ணு. பெட்டியிலேயே இருக்கு."

"டிஸ்க் சுத்துதா?"

"சுத்துது."

"அப்புறம் எதுக்கு அழுதுட்டு நிக்கிற? மாமா, அந்தக் காந்தத்தை முதல்ல இங்கிருந்து எடுத்துட்டுப் போங்க."

"எங்க வைக்கட்டும் டாக்டரம்மா?"

"எங்கேயாவது தூரமா!"

மாமா காந்தத்தை இரண்டு விரலால் பிடித்து, கையை நீட்டிக்கொண்டு, வெடிகுண்டைத் தூக்கிப் போவதுபோல் நடந்தார். தெருக்கோடிவரை போய்விட்டுத்தான் திரும்பினார்.

திருகாணி முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு இரண்டாவது டேப்பைத் தள்ளினாள். இந்த முறை நாற்காலியை விட்டு நகரவில்லை. 'முடிந்தது' என்று வந்த பிறகும் டேப்பை வெளியே எடுக்கவில்லை. கையோடு 'ஒப்பிடு' என்று கட்டளை கொடுத்தாள்.

எழுபது சதவீதம் ஆனபோது டிஸ்க் க்ரீச்சென்று கத்தியது. திரை அசையாமல் நின்றது. அம்மா மகளின் தோளை இறுக்கிப் பிடித்தார். மாமா கம்ப்யூட்டரைத் தடவிக் கொடுத்து, "எழுந்திரு ராஜா, இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்று கெஞ்சினார். பிரசவத்துக்கு வரும் பசுக்களிடமும் அவர் இப்படித்தான் பேசுவார்.

எண் நகர்ந்தது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.

கடைசியில் திரையில் இரண்டே வார்த்தைகள் வந்தன. 'பிழை இல்லை.'

மூவரும் போட்ட கூச்சலில், சிகிச்சைக்காகக் கூண்டில் தங்கியிருந்த கிளியும் சேர்ந்து கத்தியது. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் டிக்கென்று ஒரு முறை சொல்லிவிட்டு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அது கண்ணைத் திறக்கவேயில்லை.

திங்கட்கிழமை விடிந்ததுமே மெக்கானிக் புது டிஸ்க்கோடு வந்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வயரைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"யார் பொருத்தினது?"

பள்ளிச் சீருடையில் இருந்த திருகாணி கையைத் தூக்கினாள்.

"ஒப்பிட்டுப் பார்த்தியா? முக்கால்வாசிப் பேர் அதைப் பண்றதே இல்ல."

"பார்த்தேன் அண்ணா. ரெண்டு தடவை," என்றாள் திருகாணி. முதல் தடவையைப் பற்றி அவரிடம் முழுவதும் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்.

டேப்பில் இருந்தது எல்லாம் புது டிஸ்க்கில் ஏறி முடிக்கவும் மருத்துவமனை திறக்கவும் சரியாக இருந்தது. முதல் ஆளாக ஒரு தபால்காரர், காலில் புண்ணோடு இருந்த பழுப்பு நாயை இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா புண்ணைக் கழுவினார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "நாயோட நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"ஆயிரத்து நாற்பது," என்றார் தபால்காரர்.

திருகாணி எண்ணைத் தட்டினாள். திரையில் வந்ததைப் படித்தாள். சட்டென்று எழுந்து நின்றாள்.

"அம்மா, அந்த மருந்து வேண்டாம்! போன வருஷம் அதைப் போட்டதும் இதுக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சே நிக்கப் பார்த்துச்சாம். நீதான் எழுதியிருக்க."

அம்மாவின் கை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ஏற்றிய ஊசியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வேறு மருந்துப் புட்டியை எடுத்தார்.

நாய்க்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? ஊசி போட்டது அம்மா. ஆனால் அது பல்லைக் காட்டி உர்ரென்று முறைத்தது என்னவோ திருகாணியைப் பார்த்துத்தான்.