முறை மாறி நின்றவள்

வலது தோளில் தொடங்கிய வலி அன்று விரல் நுனிவரை இறங்கியிருந்தது. மரியமலர் இடது கையால் கதவைத் தள்ளித் திறந்து, துப்புரவுச் சாமான் வைக்கும் சிற்றறைக்குள் போய் மொப்பை எடுத்தாள். அது நனைந்திருந்தது. சூடாகவும் இருந்தது.

2005 டிசம்பர். மாலை நான்கு மணிதான். ஒஸ்லோவுக்கு அதுவே நல்ல இருட்டு. ஆக்கர் ஆற்றங்கரையில் நின்ற அந்தச் செங்கல் கட்டடம் ஒரு காலத்தில் நூல் மில், இப்போது விளம்பரக் கொம்பனி ஒன்றின் அலுவலகம். ஆட்கள் போய்விட்டார்கள். அவள் துடைக்கவேண்டிய மூன்றாம் மாடித் தரை, மேசைகளுக்கு அடியிலும் கதவோரங்களிலும்கூடத் தூசில்லாமல் துடைக்கப்பட்டு ஈரமாய் மினுங்கியது. சவர்க்கார வாசத்துக்குக் கீழே, நனைந்த கம்பளியும் இயந்திர எண்ணெயும் கலந்த பழைய நெடியொன்று தங்கி நின்றது.

இரண்டாம் மாடி புளோறன்சுடையது. ஒருத்திக்கு ஏலாவிட்டால் மற்றவள் முதலாளிக்குத் தெரியாமல் அவளுடைய மாடியையும் துடைத்துவிடுவது இருவருக்குமுள்ள ஒழுங்கு. மரியமலர் அவளுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"நீயே என்ர மாடியைத் துடைச்சனி?"

"எனக்கென்ன விசரே? நான் இன்னும் குறொன்லாண்ட் தமிழ்க்கடையிலை முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நிக்கிறன்."

"அப்ப ஆர்?"

"அந்த நாளையில மில்லிலை நிண்ட பெட்டையளாயிருக்கும்." புளோறன்ஸ் சிரித்தாள். "அவளவையும் எங்களைப் போலத்தானாம். ஒருத்தி பிள்ளைப் பெறப் போனால் மற்றவள் அவளின்ர மெசினுக்கும் சேர்த்து நிக்கிறது. ஆள்தான் கொஞ்சம் வெள்ளை. பேசாமல் வீட்டை போய்ப் படு."

மரியமலர் போய்ப் படுத்தாள். தோளை வைத்தியரிடம் காட்டினால் ஓய்வு எழுதித் தருவார். ஓய்வெடுத்தால் புது வருடத்தில் கிடைக்கவேண்டிய நிரந்தர வேலை கிடைக்காது. அது கிடைக்காமல் மன்னாரில் காத்திருக்கும் புருசன் ஸ்ரனிஸ்லாஸை இங்கே கூப்பிட ஏலாது. அடுத்த நாளும் தரை ஈரமாயிருந்தது. அதற்கடுத்த நாளும். பயமென்று பெரிதாய் ஒன்றும் வரவில்லை; வருவதற்கு உடம்பில் இடமில்லை. அன்று திரும்பிப் போகும்போது, வழமையாகப் புளோறன்சுக்குச் சொல்வதை வெறும் மண்டபத்துக்குச் சொன்னாள்.

"பெரிய உதவி, பிள்ளை. உன்ர முறைக்கு நான் நிக்கிறன்."

எங்கோ ஒரு வாளி கீழே வைக்கப்பட்டது.

மறுநாள் தரை காய்ந்திருந்தது. ஊத்தையாயிருந்தது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். தரை மெல்ல அதிரத் தொடங்கியது. பிறகு சுவர். பிறகு அவள் பற்கள். பஞ்சுத் தூசு மூக்குக்குள் ஏறியது. விளக்குகள் மங்கின. வலது கை தானாக உயர்ந்தது. வலி இல்லை. ஒன்றுமே இல்லை. விரல்கள் காற்றில் ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டன. மறுபடி பிடித்தன. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

பக்கத்தில் யாரோ அவளுடைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். முகத்தைத் திருப்ப முடியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. வெள்ளைக் கைகள், சிவந்து வெடித்தவை. ஒவ்வொரு பொத்தானாய்ப் பூட்டின. கோட்டுப் பைக்குள் டெலிபோன் அடித்தது. மன்னாரிலிருந்து அவர் எடுக்கும் நேரம்.

"ஓமப்பா," என்றது மரியமலரின் குரல், படிப்பக்கமாய்ப் போய்க்கொண்டே. "வேலை முடிஞ்சுது. கை இப்ப நோகேல்லை. நீங்கள் வாங்கோ."

கீழே கதவு சாத்தப்பட்டது.

நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டாள். அறுந்தது. போட்டாள். அவள் திருப்பிக் கொடுக்கவேண்டியது மூன்று முறை வேலை. முதல் முறையே இன்னும் முடியவில்லை.