நூற்று நாற்பத்திரண்டாவது சீட்டு

நூற்று நாற்பத்தொன்றுக்கு அடுத்த சீட்டில் நூற்று நாற்பத்துமூன்று என்றிருந்தது.

கஜபதி விரலில் எச்சில் தொட்டு மறுபடி புரட்டினான். திருத்தணியில் சாவு பதியும் ஆபீசில் அவன் பத்து வருஷக் குமாஸ்தா. ஒருவர் செத்தால் முதலில் சீட்டில் எழுதி, எண் போட்டு, நூலில் கோக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய பதிவேட்டில் ஏற்றுவது. சீட்டுக் கட்டு இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். பதிவேட்டுக்கு ஒரு கேடு வந்தால் கட்டை அவிழ்த்து, முதல் சாவிலிருந்து திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

கேடு வந்துவிட்டது. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, 1974ஆம் வருஷத்துப் பதிவேடு கூழாகிக் கிடந்தது. நாளைக் காலை தணிக்கை. போன தடவை ஓர் எண் விட்டுப்போனதற்கே எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இன்னொன்று விட்டால் வேலை இல்லை.

"ஒரு ஆளு சாவாம தப்பிச்சிகினான்னு சந்தோசப்படுங்க சார்," என்றான் பியூன் சிங்காரம், குடையை உதறிக்கொண்டே.

"நீ சொல்லுவடா. அவன் பொழைச்சா என் வேல சாவும்."

"அப்ப நீங்களே ஒருத்தன சாவடிங்க. எவன் வந்து கேக்கப் போறான்? மழ வலுத்துகினு இருக்குது, நான் வரேங்க."

சிங்காரம் போன பிறகு, ஓட்டிலிருந்து தகர வாளியில் சொட்டும் தண்ணீரும், ஈரக் காகிதத்தின் புளித்த வாடையும், சாயங்கால வெளிச்சத்தில் சுவரில் ஊறிப் பரவும் ஆளுயரக் கறையும் மட்டும் அவனோடு இருந்தன. யோசனை மோசமில்லை என்று பட்டது. கத்திரிக்காய் நிறுக்கையில் எடை குறைந்தால் ஒரு சொத்தையைப் போட்டு முள்ளை நேராக்குகிறார்கள். இங்கே ஒரு பொய்ப் பிணம்.

புதுச் சீட்டு எடுத்தான். பெயர்: வீராசாமி. வயது: அறுபத்தொன்று. நோய்: காய்ச்சல். தேதி: இன்று, நூற்று நாற்பத்துமூன்றில் உள்ளதுபோலவே. கதவு எண் என்ற இடத்தில் கை தன்பாட்டுக்கு 27 என்று எழுதிவிட்டது. அது அவன் வீட்டு எண். அடித்துத் திருத்தினால் தணிக்கையில் மாட்டும். கிடக்கட்டும். தெரிவித்தவர்: மகன்.

முத்திரையைக் குத்தினான். வாளியில் சொட்டுவது நின்றது. மழை நிற்கவில்லை.

எங்கிருந்தோ கற்பூரம் மணந்தது.

புதுப் பதிவேட்டை எழுதி முடித்து, ஆபீசைப் பூட்டிவிட்டு நடந்தான். கடைத்தெரு தாண்டியும் அந்த மணம் விடவில்லை. தெருமுனையில் தப்புச் சத்தம். ஈரத் தோலில் அடிப்பதுபோல் மந்தமாக. யார் வீட்டில்? சாமந்தி இதழ்கள் சேற்றில் மிதந்து வந்தன. அவன் வீட்டுப் பக்கமிருந்து.

வாசலில் கூட்டம். அவனைக் கண்டதும் வழிவிட்டது.

"வந்துட்டான்யா புள்ள," என்றார் யாரோ.

மனைவி அம்சா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "எங்கங்க போயிட்டீங்க? காலைலேர்ந்து காத்துகினு இருக்கோம். உங்க நைனா..."

பெற்ற நைனாவை மணவூரில் எரித்து இருபது வருஷம்.

"யாரு அம்சா அது?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? வீராசாமி மாமாங்க."

கூடத்தில் தலைமாட்டு விளக்கு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. முகம் வரை மூடிய வேட்டி. அவன் பின்வாங்கினான். முதுகில் கைகள். பத்து, பதினைந்து கைகள். மெதுவாக முன்னே தள்ளின.

"தூக்கறதுக்கு முன்னாடி மொகத்த நல்லாப் பாத்துக்குங்க," என்று அம்சா குனிந்து வேட்டியை விலக்கினாள்.

பெயர் எழுதியிருந்தான். வயது எழுதியிருந்தான். நோய், கதவு எண், மகன். முகத்துக்குச் சீட்டில் இடமே இல்லை.

நெற்றியிலிருந்து தாடை வரை வழவழவென்று வெறுமை. எழுதாத காகிதம். அதன் மேல் யாரோ பக்தியாக விபூதி பூசியிருந்தார்கள்.

"குனிஞ்சி பாருங்க," என்றாள் அம்சா. "கடைசியா ஒரு தபா."

விபூதி அசைந்தது. உள்ளேயிருந்து, மூச்சு முட்டுவதுபோல்.