தங்கப் படலத்தில் ஒரு துளி

இன்ஸ்பெக்டர் கோமதிசங்கர் முன்னால் ரூபியா வந்து நின்றபோது, அவள் துப்பட்டாவில் கணவன் சாதிக்கின் ரத்தம் ஈரமாகவே இருந்தது. தொழில் கூட்டாளி தங்கப்பழத்தைக் கொன்றவன் என்று, செத்தவனின் உறவினர்கள் சாதிக்கைத் தெருவில் போட்டு மிதித்துக் கையை முறித்திருந்தார்கள். போலீஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அவங்க கொல்லல சார். அந்த ரூமை நீங்களே ஒருதடவ பாருங்க."

கரிவலம் சாலையில் மூன்று நண்பர்கள் நடத்திய ஆய்வுக்கூடம் அது. தங்கத்தின் நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தைத் தட்டில் ஊற்றுவார்கள். நீர் வற்ற வற்றத் துகள்கள் தாமாகவே வரிசைகட்டி, மின்சாரத்தைச் சேமிக்கும் படலமாகிவிடும். அங்கேதான் இன்று காலை தங்கப்பழம் இரும்புக் கம்பியால் மண்டை பிளந்து கிடந்தான். நேற்றுக் காலை சாதிக் அவனை அடித்ததைக் கண்ணாடி வழியே பார்த்துப் பயந்து ஓடியதாகச் சொன்னான் மூன்றாவது கூட்டாளி சிவபிரசாத். வாய்ச்சண்டை நடந்தது உண்மை என்றான் சாதிக். ஆனால் உடனே கடையநல்லூர் கல்யாணத்துக்குப் போய்விட்டான், இன்று விடியும் வரை அவனை அங்கே ஊரே பார்த்திருந்தது. குளிரூட்டிய அறை என்பதால் உயிர் போன நேரத்தை டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கோமதிசங்கர் ரூபியாவோடு அந்த அறைக்குப் போனார். சுவரெல்லாம் ரத்தம். மேஜைமேல் இருந்த தட்டில் பொன்னிறப் படலம்; அதன்மேல் காய்ந்த ஒரு துளி. சண்டைக்கு முன்பே, கல்யாணத்துக்குக் கிளம்புமுன் திரவத்தை ஊற்றியது தான்தான் என்றாள், அங்கேயே வேலை பார்த்த ரூபியா. வற்றச் சாயங்காலம் ஆகுமாம்.

"ஈரமா இருக்கையில உப்பு பட்டா?"

"ஒரு சொட்டு போதும் சார். திரண்டு கருத்துப் போயிரும்."

கோமதிசங்கர் ஈரப் பஞ்சால் துளியை மெல்ல ஒற்றி எடுத்தார். அடியில் படலம் பொன்னாகவே மின்னியது. சிவபிரசாத்தை வரவழைத்தார்.

"ரத்தத்துல உப்பு இருக்கு, சிவபிரசாத். காலையில தெறிச்சிருந்தா இது கருத்திருக்கணும். காஞ்ச பொறவுதான் விழுந்திருக்கு. சாயங்காலத்துல இருந்து விடியிற வரை சாதிக் கடையநல்லூர்ல இருந்தான். அப்பம் நீ காலையில எதைப் பார்த்தே?"

சிவபிரசாத் மேஜையில் கிடந்த கத்தியை எடுத்து அவர் கழுத்துக்குப் பாய்ந்தான். சப்-இன்ஸ்பெக்டர் மாடத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. தரையில் கிடந்தபடியே ஒப்புக்கொண்டான். படலத்தின் செய்முறையைத் தன்னுடையது என்று சொல்லி ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தான். அது தங்கப்பழத்துக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காவல் விலகியது. "தங்கப்பழத்த எங்கன வச்சிருக்காங்க?" என்று கேட்டான் சாதிக். வாசலில் நின்றிருந்த தங்கப்பழத்தின் அண்ணன்தான் பதில் சொன்னான். கையை முறித்தவன் அவன்.

"எரிச்சாச்சு மக்கா."