சிவப்பு வளையம்

வெண்ணந்தூர் தாண்டி, கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் எங்கள் அறக்கட்டளை காடு வளர்க்கிறது. காவலுக்கு அர்த்தநாரி. அவரும் மனைவி ராசாத்தியும் அங்கேயே, அறக்கட்டளை கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார்கள். வாசற்படி உயரம். செடிகளை அளக்கப் போன அன்றும் முழங்காலில் இடித்துக்கொண்டேன்.

"அந்தப் படிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு ஏறுங்க அம்மிணி" என்று ராசாத்தி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நான் அளந்த செடிகள் எல்லாம் போன முறையைவிடக் குட்டையாக இருந்தன. நடும்போது, மண்ணை ஒட்டித் தண்டில் சிவப்பு பெயிண்டால் ஒரு வளையம் போடுவோம். எந்தச் செடியிலும் வளையம் இல்லை. பட்டுப்போனவற்றைப் பிடுங்கிவிட்டு, புதுச் செடிகளை நட்டு ஏமாற்றுகிறார் அர்த்தநாரி என்று அலுவலகம் சந்தேகப்பட்டது. நானும்தான். ஆமாம் என்று நான் சொல்லிவிட்டால் அவர்களுக்கு இந்த வீடு இல்லை.

"செடியை மாத்துனீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணும்னா தோண்டிப் பாருங்க. நாந் தொட மாட்டேன்."

ஏன் தொடமாட்டார்?

உச்சிவெயில். இலை அசையவில்லை. ஓர் உசிலைக் கன்றின் அடியில் கைக்கொத்தால் மண்ணை விலக்கினேன். ஈர வாடை வந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

ஒரு சாண் ஆழத்தில் சிவப்பு வளையம்.

எங்கள் பெயிண்ட். எங்கள் செடி.

மண் சரிந்து மூடியிருக்குமோ? சுற்றிலும் நாங்கள் அடுக்கிய கற்கள் வைத்தபடியே கிடந்தன.

தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கினேன்.

கீழிருந்து இழுத்தது.

கையை எடுத்தேன். கன்று இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.

"நானும் இழுத்துப் பாத்தேனுங்க" என்று பின்னாலிருந்து அர்த்தநாரி கிசுகிசுத்தார். "சொன்னா ஆரு நம்புவா? குடிச்சுட்டு ஒளர்றான்னு ஊட்டை உட்டுத் தொரத்தீருவாங்க."

செடிகளை மாற்றவில்லை, அவர் நேர்மையானவர் என்று மட்டும் அலுவலகத்தில் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மாதம், அவர் வேலை நிலைத்துவிட்டது என்று சொல்லப் போனேன். ராசாத்தி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உங்க புண்ணியமுங்க. இனி இந்த ஊட்டை உட்டு எங்கீம் போக மாட்டோம்."

அர்த்தநாரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. வாசல் மண்ணிலிருந்து நேராக நடந்து உள்ளே வந்திருந்தேன்.

படி ஏறவே இல்லை.