ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு

முத்துப்பேச்சிக்கு அன்று யாரைப் பார்த்தாலும் கோபமாக வந்தது. சுண்ணாம்பு வாளியைப் பார்த்தால்கூடக் கோபம் வந்தது.

போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு இருந்தது. வீடு என்றால் ஒரே அறைதான். அவள் அப்பா வீரபாண்டி அந்த எஸ்டேட்டின் பெயிண்டர். ஐப்பசி மாதம் எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்துவிட்டார். முறிந்த கால் கோணலாகக் கூடிவிட்டது. ஏணி ஏற முடியாதவன் என்ன பெயிண்டர் என்று எஸ்டேட் அவரை நிறுத்திவிட்டது. எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போய்விடும். அம்மாவும் உயிரோடு இல்லை. இனி போடியில் அத்தை வீடுதான். அங்கே எத்தனை நாள் இருக்க விடுவார்களோ.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலி செய்கிறவர்களே சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விரட்டப்படுகிறவர்கள் வீட்டை அழகு செய்து வைக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

கங்காணி ஒரு வாளி சுண்ணாம்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"நாளைக்குப் புது பெயிண்டர் குடும்பம் வருது. நாலு சுவரும் பளிச்சுன்னு இருக்கணும்."

"ஒரு வாளிதானா?" என்றாள் முத்துப்பேச்சி.

"இன்னொரு வாளி கேட்டா, துரை எனக்கு வெள்ளையடிச்சு விட்டுருவாரு" என்று சொல்லிவிட்டுக் கங்காணி போய்விட்டார்.

முத்துப்பேச்சி சுரண்டியை எடுத்தாள். சுவர் முழுக்கப் பழைய சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக நின்றது. அதைச் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் வெள்ளையடிக்க வேண்டும். பெயிண்டர் மகளுக்கு இது தெரியாதா?

"சுரண்டாதே" என்றார் அப்பா. அவர் தகரப் பெட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சுரண்டாட்டி உதிர்ந்துருமேப்பா."

"உதிரட்டும். எவனோ இருக்கப் போற வீட்டுக்கு உன் கை எதுக்கு நோகணும்? மேலாப்புல இழுத்து விட்டுட்டு வா."

சுரண்டாத சுவரில் வெள்ளையடிக்கும் நார்மட்டையை வைக்க விடாத மனிதர் அவர். அதற்காகத் துரையிடமே முறைத்துக்கொண்டவர். அவரே இப்படிச் சொன்னதும் முத்துப்பேச்சிக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது சந்தோஷமாக மாறியது. உதிரட்டும். வரப்போகிறவர்கள் சோற்றுத் தட்டிலேயே உதிரட்டும்.

மட்டையைத் தோய்த்துத் தோய்த்து இழுத்தாள். மத்தியானத்துக்குள் மூன்று சுவர்கள் வெள்ளையாகிவிட்டன. அடுப்படிச் சுவர்தான் பாக்கி.

அப்போது வாசலில் ஓர் அக்கா வந்து நின்றார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"புது பெயிண்டர் வேதமுத்து வீட்டுக்காரி நான். பேரு ஞானஜோதி. அவரு ஆபீசுக்குப் போயிருக்காரு."

"நாளைக்குத்தானே வரணும்?" என்றாள் முத்துப்பேச்சி வெடுக்கென்று.

"விறகு லாரி இன்னிக்குத்தான் கிடைச்சுச்சு, பாப்பா. நாங்க வெளியவே இருந்துக்கிறோம். பிள்ளையை மட்டும் உள்ள கிடத்திக்கட்டுமா? பனியில மூக்கடைச்சுருச்சு."

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞானஜோதி ஒரு சாக்கை விரித்து, காய்ந்திருந்த முதல் சுவரின் ஓரம் குழந்தையைக் கிடத்திவிட்டு மூட்டையை எடுக்கப் போனார். குழந்தை வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

சுவரில் சட்டென்று ஒரு சத்தம் கேட்டது. புதுச் சுண்ணாம்பு காய்ந்து, அடியிலிருந்த பொருக்கை இழுத்திருந்தது. தோசை அளவுக்கு ஒரு பொருக்கு உரிந்து, குழந்தையின் காதோரம் விழுந்து நொறுங்கியது.

முத்துப்பேச்சி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். கன்னத்தில் இருந்த தூளைப் பாவாடையால் துடைத்தாள். கண்ணில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உதிரட்டும் என்று நினைத்தபோது, கீழே யார் படுத்திருப்பார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மூட்டையோடு வந்த ஞானஜோதியிடம் கேட்டாள். "அக்கா, எந்தச் சுவரோரம் படுப்பீங்க?"

"இந்த ஓரந்தான். இங்கதான் வாடைக்காத்து படாது."

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முத்துப்பேச்சி அந்தச் சுவரில் சுரண்டியை வைத்தாள்.

"சுண்ணாம்பு பத்தாது, தாயி" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா. ஒரு சுவருக்குப் பத்தும்."

அவள் சுரண்டினாள். பொருக்கு தலையிலும் தோளிலும் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் இன்னொரு சுரண்டும் சத்தம் கேட்டது. அப்பா பெட்டியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்தபடியே சுவரின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அந்தச் சுவர் முடிந்தது. அடுப்படிச் சுவருக்கு வாளி கழுவிய தண்ணீர்தான் மிஞ்சியது.

கங்காணி வந்து பார்த்தார். மற்ற சுவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அடுப்படிக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

"என்ன இது, மாட்டுத்தொழுவம் மாதிரி? இதுவா வெள்ளையடிக்கிற லட்சணம்?"

முத்துப்பேச்சி தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் ஞானஜோதியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க படுக்கிற சுவரு உதிராது. மத்தது உதிரும். பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீங்க."

போடிக்குப் போகிற ஜீப்பில் முத்துப்பேச்சியும் அப்பாவும் ஏறினார்கள். வளைவில் லயம் மறைந்ததும் அப்பா கேட்டார்.

"மத்தது உதிரும்னு சொன்னியே. சுரண்ட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"இல்லப்பா. ஏன் சுரண்டலைன்னு கேட்டாங்க. எனக்குச் சோம்பலா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அப்பா, சுண்ணாம்பு அரித்துச் சிவந்திருந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்து அடிச்சேன். நம்ம வீட்டுல ஒழுங்கா அடிச்ச சுவரு அது ஒண்ணுதான், தாயி" என்றார்.

கை எரிந்தது. முத்துப்பேச்சி அதை இழுத்துக்கொள்ளவில்லை.