பச்சை மை பூசிய கப்பித்தான்

சிலாபத்தில் பஸ் ஏறும்போது தூறல்தான்... முந்தலைத் தாண்டுவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே தென்னைகளும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள் ஸும்ரா.

முன் இருக்கையில் ஒருவன் சித்திரக்கதை வாசித்துக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆம்பிளை, தாடி வேறு... பக்கம் புரட்டும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். ஸும்ராவுக்கும் சிரிப்பு வந்தது. அப்படி என்னதான் வாசிக்கிறான் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

கறுப்பு வெள்ளைப் படம். பாய்மரத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிறான் கதாநாயகன் கப்பித்தான் முகில். அவனுடைய சால்வைக்கு மட்டும் பேனையால் பச்சை பூசியிருந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டும் போகாமல் அப்படிப் பூச உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். மஸாஹிர் நானா... அவள் கூடப்பிறந்த அண்ணன்... மண்ணுக்குள் போய் ஆறு மாதமாகிறது.

கை தானாகவே நீண்டது. புத்தகத்தைப் பறித்தே விட்டாள்.

"இது ஏன்ட நானாட புத்தகம்!"

அவன் திரும்பினான். இமை அடர்ந்த பெரிய கண்கள்... வாசித்த சிரிப்பு அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"என்ன சொல்றீங்க? இது எனக்கு வந்தது."

"எப்பிடி வரும்? களவெடுத்தீங்களா?"

"கொஞ்சம் மெல்லக் கதைங்க... வெள்ளத்துக்கு எங்கட ஊட்டுக்கு ஒரு பெட்டி வந்திச்சி. அதுல இருந்த புத்தகம்."

அந்தப் பெட்டியா... அவள் தேடித் தேடி அழுத பெட்டியா?

"அது நாங்க ஸதகா குடுத்த பெட்டி! உம்மா தெரியாம குடுத்திட்டா. ஸதகாவா வந்த சாமானத்த வச்சிக்கிட்டு எனக்கு வந்தது எண்டு சொல்றீங்களே... குடுங்க எல்லாத்தையும்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இத்தனை பேருக்கு நடுவில் ஒருவனைப் பார்த்து, நீ தர்மம் வாங்கினவன் என்று...

அவன் கண்ணில் மிச்சமிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஓம். வெள்ளத்துக்கு வந்த ஸதகாதான். எடுத்துக்கங்க."

மணியடித்து, மதுரங்குளி வருவதற்கு முன்பே, கடையோ வீடோ இல்லாத இடத்தில் இறங்கினான். குடையும் இல்லை. பஸ் நகர்ந்தபோது மழைக்குள் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. ஸும்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது... நானாவுக்காகவா, அவனுக்காகவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மஸாஹிரைப் போன்ற ஒரு பைத்தியத்தைக் கனமூலை ஊர் கண்டதில்லை. சித்திரக்கதை, மாத நாவல்களிலிருந்து கிழித்தெடுத்த அட்டைப்படங்கள், நாலாய் மடித்த சினிமாப் போஸ்டர்கள், ரேடியோவிலிருந்து பதிவு செய்த பாட்டுக் கசெற்றுகள்... எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். சுவரில் முகம் தெரிகிற படம் ஒட்ட வாப்பா விடமாட்டார். அதனால் பெட்டிதான் அவனுடைய உலகம். சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்தம் பண்ணச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த காலத்தில், ஸும்ராதான் துணைக்குப் போவாள். அவன் கட்டிலில் கிடக்க, அவள் கப்பித்தான் முகிலை வாசிப்பாள்... வில்லனின் குரலை அவள் போட்டால் பக்கத்துக் கட்டில்காரரும் சிரிப்பார்.

அவன் மவுத்தான பிறகு வெள்ளம் வந்தது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகமெல்லாம் போய்விட்டது, உடுப்பும் புத்தகமும் தாருங்கள் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். எழுத்தறியாத உம்மாவுக்கு அச்சடித்ததெல்லாம் புத்தகம்தான். மகனின் பேரில் ஸதகா என்று மனதில் நிய்யத் வைத்துப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஸும்ரா வேலை முடிந்து வந்தபோது அலுமாரிக்கு மேலே வெறும் தூசிதான் இருந்தது.

இன்றைக்கு அவள் கையில் புத்தகத்தைப் பார்த்த உம்மா, தலையில் கைவைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்... குடுத்த ஸதகாவ திருப்பி வாங்கிட்டு வந்திரிக்கியே மகள்! அதுட நன்மை ஒன்ட நானாட கபுறுக்குப் போறது... அதயா பறிச்சிக்கிட்டு வந்தாய்?"

"உம்மா, அவர் தானா தந்தா ஹதியா, அன்பளிப்புதானே? வாங்கலாம்தானே?"

"நீ கேக்காம தந்திருந்தா ஹதியா. நீ வாய்விட்டுக் கேட்டிருக்காய். காசு குடுத்து வாங்கவும் ஏலா. நாளைக்கே போய்க் குடுக்கணும். நானும் வாறன்."

பெட்டி போன வீடு எதுவென்று வாப்பா பள்ளிவாசலில் விசாரித்தார். மதுரங்குளியில் ஜெய்னம்புவின் வீடு. மகன் இனாஸ், பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் பெயின்ற் அடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவன்.

மறுநாள் உம்மாவோடு அவன் கடைக்குப் போனாள் ஸும்ரா. வாசலில் ஒரு த்ரீவீல் நின்றது. அதன் முதுகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வலக்கையில் வாளோடு அலைக்கு மேலே பாய்ந்து வருகிறான் கப்பித்தான் முகில்... காற்றில் பறக்கிறது பச்சைச் சால்வை! உலகமெல்லாம் கறுப்பு வெள்ளையில் பார்த்த கப்பித்தானுக்கு மஸாஹிர் கொடுத்த அதே பச்சை, ரோட்டில் ஓடப்போகிறது.

பின்னாலிருந்து தூரிகையோடு எழுந்தான் இனாஸ். மூக்கில் ஒரு பொட்டுப் பச்சை.

"மிச்சப் பெட்டியையும் வாங்க வந்தீங்களா?"

"இல்ல... இதக் குடுக்க வந்தன். நேத்து நான் கதைச்சது பிழை. பெரிய பிழை. மன்னிச்சிருங்க."

"வேணாம். உங்கட நானாட சாமான். நீங்களே வச்சிக்கங்க."

"வச்சிக்க ஏலா. எங்கட கையால குடுத்தது."

புத்தகத்தைப் பெயின்ற் பேணிகளுக்கு நடுவில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. அவள் நகரவில்லை. உம்மாதான் பார்த்துப் பார்த்துச் சலித்து, "மகன்... அவன்ட பேருல குடுத்தது. நீங்க வாசிச்சாத்தான் அவனுக்கு நன்மை" என்றாள்.

"அவன்ட பேருல எண்டா..."

"மவுத்தாப்போன புள்ள."

இனாஸின் முகம் மாறியது. கையைத் துணியில் துடைத்துவிட்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தான்.

"அல்லாஹ் அவருக்கு சுவனத்தக் குடுக்கட்டும். நான் ஆரோ ஒரு சின்னப் பிள்ளை கலர் அடிச்சிருக்கு எண்டு நெனச்சேன். வெள்ளத்துல கடையும் போய், மெசினும் போய், ஒரு மாசம் நான் ஆரோடையும் கதைக்கல்ல. எங்கட உம்மா உடுப்பு இருக்குமெண்டு பெட்டியத் திறந்தா... மேல கப்பித்தான் நிக்கிறான், பச்சையோட. அண்டைக்குத்தான் சிரிச்சேன். அடுத்த நாள் தூரிகைய எடுத்தேன்."

ஸும்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அழுவதை அவனுக்குக் காட்டப் பிடிக்கவில்லை.

"சால்வை சரி... ஆனா வாள் பிழை," என்றாள் மெதுவாக. "கப்பித்தானுக்கு வலக்கை ஊனம். இடக்கையாலதான் வாள் பிடிப்பார்."

"எந்தப் புத்தகத்துல?"

"எல்லாத்துலயும்தான்! வாசிக்கிறீங்களா, படம் மட்டும் பாக்கிறீங்களா?"

"படம்தான்," என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கண்களுக்குள் சிரிப்பு திரும்பி வந்தது... ஸும்ராவுக்கு ஏனோ நெஞ்சு லேசாகிவிட்டது.

பெட்டி அவனிடமே இருந்தது. ஆனால் அன்று இரவே, கடையில் கொடுத்துவிட்டு வந்த அவள் நம்பருக்கு ஒரு பக்கத்தின் படம் வந்தது. 'படம் அனுப்புறது குடுக்கிறதில்லையே? மௌலவிகிட்டக் கேட்டுட்டேன்.' அப்புறம் தினம் ஒரு பக்கம். ஒருநாள் பேய்க்கதை அட்டைப்படம், கையில் மெழுகுதிரியோடு ஓடுகிற பெண்... 'இவ ஏன் எல்லா அட்டையிலயும் செருப்பில்லாம ஓடுறா?' ஸும்ரா பதில் போட்டாள், 'செருப்பு வரைய அந்த ஆளுக்குத் தெரியாது போல.' இன்னொருநாள் போன் எடுத்து ஒரு கசெற்றுப் பாட்டைப் போட்டுக் கேட்கவிட்டான், நடுவில் மஸாஹிரின் இருமலோடு. அதைக் கேட்டு ஸும்ரா விடிய விடிய அழுதாள். காலையில் முதல் வேலையாக அவனுக்குத்தான் சொன்னாள். வேறு யாருக்குச் சொல்ல?

பங்குனி முடியுமுன் மகன் இனாஸுக்காக ஜெய்னம்பு பெண் கேட்டு வந்தாள். உம்மாவுக்குச் சந்தோஷம், வாப்பாவும் தலையாட்டினார். ஸும்ரா மட்டும் 'ஏலா' என்றாள்.

அன்று பின்னேரம் இனாஸ் அவளுக்குப் போன் எடுத்தான். குரலில் வழக்கமான பகிடி இல்லை.

"என்னைப் பிடிக்கல்லயா?"

"அது இல்ல... உங்களக் கட்டினா பெட்டி ஏன்ட ஊட்டுக்குத்தானே வரும்? பெட்டிக்காகப் போனவ எண்டு ஊரு சொல்லும். ஊர விடுங்க... எனக்கே தெரியா இனாஸ். பெட்டி இல்லாட்டி உங்களோட நான் கதைச்சிருப்பேனா? நானாவத் தேடி வாறேனா, உங்களத் தேடி வாறேனா? தெரியாம ஓம் சொன்னா, அது உங்களுக்குச் செய்ற அநியாயம். நானாட ஸதகாவச் சுத்தி வந்து எடுத்த மாதிரியும் இருக்கும்."

"விளங்குது" என்றான். வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு பக்கம் எதுவும் வரவில்லை. முதல் நாள் கப்பித்தானைத் தேடினாள். இரண்டாம் நாள் மஸாஹிரின் பச்சையைத் தேடினாள். பிறகுதான்... கடையில் யாருக்கோ கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது, இமை அடர்ந்த கண்களைக் கண்டால் கை நின்றுபோவது அவளுக்கே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம். கேற்றடியில் இனாஸ் நின்றான். வாப்பா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. ஸும்ரா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். உம்மா வாசற்படியில் நின்றாள்.

"பெட்டியக் குடுத்திட்டேன்," என்றான்.

"எங்க?"

"சிலாபம் ஆஸ்பத்திரியில. இரத்தம் சுத்தம் பண்ற வார்ட்டுல. கெடக்கிறவங்க நாள் முழுக்கக் கூரை முகட்டப் பாத்துக்கிட்டுத்தானே கெடக்கிறாங்க. நேர்ஸ் மிஸ்ஸிட்டக் கேட்டுட்டு வச்சிட்டு வந்தேன்."

ஸும்ரா ஓரடி முன்னே வந்தாள்.

"எல்லாத்தையுமா? கசெற்றையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ட எடுத்து வச்சாலும் அது கணக்கில்ல. அது இப்ப ஏன்ட ஸதகா. இனி நானும் கேக்க ஏலா."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எப்படி வராமல் இருக்கும்? நானாவின் குரலில் மிச்சமிருந்த அந்த இருமலும் போய்விட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. சிலாபத்தில் யாரோ ஒருவர் ஊசி குத்திய கையை அசைக்காமல், மற்றக் கையால் கப்பித்தானைப் புரட்டிக்கொண்டிருப்பார்... அந்த நினைப்பு வந்ததும் அழுகை இன்னும் கூடியது.

"பாத்து வச்ச படமெல்லாம் ஏன்ட தலையில இருக்கு, அத எடுக்க ஏலா," என்றான் இனாஸ். "மத்தப்படி ஏன்ட கையில ஒண்டும் இல்ல ஸும்ரா. உங்களுக்குக் காட்ட ஒரு பக்கம் கூட இல்ல. இப்ப நான் பெயின்ற் அடிக்கிற ஆள் மட்டும்தான். உங்கள எனக்கு விருப்பம். பஸ்ஸில ஏசினீங்களே, அந்தக் கோவத்துக்குள்ள எவ்வளவு பாசம் இருந்திச்சி எண்டு மழையில நடக்கும்போதே விளங்கிட்டுது. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பதில் சொல்லணும் எண்டு இல்ல."

அவன் கேற்றின் கொண்டியில் கை வைத்தான்.

ஸும்ராவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பெட்டி போன துக்கம் இருக்கிறது... அது இருக்கும், அதோடு வாழலாம். ஆனால் இவன் அந்தக் கேற்றைத் திறந்துகொண்டு போனால்?

"இனாஸ்!"

உம்மா நிற்பதும், ரோட்டால் போகிறவர்கள் பார்ப்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸில் எல்லோரும் கேட்கத்தானே இவனைத் தலைகுனிய வைத்தாள்... இதையும் எல்லோரும் கேட்கட்டும்.

"போகாதீங்க. எனக்கும் உங்களத்தான் விருப்பம்... உங்கள மட்டும்தான்."